அம்மா சுற்றிய பாட்டு

கனடாவின் அஜக்ஸ் நகரில், டல்சிமர் வாசிப்பவர்களின் வாரஇறுதி ஒன்றுகூடல். மடியில் வைத்து மீட்டும் அந்த வாத்தியத்துக்கு ஒருவர் சுருதி சேர்த்தார். தந்தி முறுக முறுக, தொய்ந்திருந்த ஓசை மெல்ல நிமிர்ந்தது. அந்த ஓசை என்னை யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

போரால் மின்சாரம் இல்லாத காலம். அம்மா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ தரும் மின்சாரத்தில் கசெற் பாடும். அவர் கையில் சங்கிலி எண்ணெய் மணக்கும். கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும்.

"அம்மா, கெதியாச் சுத்துங்கோ," என்று அக்காவும் நானும் கத்துவோம். சில்லின் இரைச்சலில் அவருக்குப் பாட்டின் ஒரு வரிகூடக் கேட்டிருக்காது. ஒரு வாய் தண்ணீர் நாங்கள் கொடுத்ததுமில்லை.

இன்று அம்மா என் பக்கத்துக் கதிரையில் இருந்து, அவர்கள் வாசித்த முழுப்பாட்டையும் கேட்டார். முடிந்ததும் என் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, உந்த வாசிச்ச ஆக்கள் களைச்சுப் போயிருப்பினம். தண்ணி ஏதும் குடுத்தவையோ?"

நான் என் போத்தலைத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன்.