வியாழக்கிழமை வீடு

நான் மருத்துவம் படித்தது ஏழு வீட்டுச் சோற்றில். மைசூரில் அப்போது அது சகஜம். வெளியூரிலிருந்து படிக்க வரும் ஏழைப் பிராமணப் பையன் கிழமைக்கு ஒரு வீடு பிடித்துக்கொள்வான். அந்தக் கிழமை இரண்டு வேளையும் அங்கே சாப்பாடு. வாரச் சாப்பாடு என்று பெயர். மேல்கோட்டையில் அப்பாவின் வருமானம் வீட்டுக்கே பற்றாது. கல்லூரிச் சம்பளத்துக்கு மகாராஜா புண்ணியத்தில் உதவித்தொகை கிடைத்தது. வயிற்றுக்கு இந்த ஏழு வீடுகள். எல்லாம் எங்கள் ஸ்ரீவைஷ்ணவ வீடுகள்தான். நாளைக்கு டாக்டராகப் போகிற பையன் என்று ஆரம்பத்தில் ஏக மரியாதை. ஒரு வீட்டில் பெண்ணின் ஜாதகத்தைக்கூட எடுத்துத் தூசி தட்டினார்கள்.

பிறகு டிசெக்‌ஷன் ஆரம்பித்தது. டாக்டருக்குப் படிக்கிறவன் பிணத்தை அறுக்க வேண்டும் என்பது ஊருக்குத் தெரியாத விஷயமில்லை. தங்கள் வீட்டு இலையில் சாப்பிடுகிறவனும் அறுப்பான் என்று மட்டும் யாரும் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. மறைக்கவும் வழியில்லை. பிணம் கெடாமல் இருக்க ஏற்றும் ஃபார்மலினின் நாற்றம் சீயக்காய்க்கும் போகாது, எலுமிச்சம்பழத்துக்கும் போகாது. சாதத்தைப் பிசைந்தால் ரசத்தின் மிளகு வாசனையை மீறிக்கொண்டு மேலே வரும்.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தி, மழையைப் பற்றி வெகுநேரம் பேசி அனுப்பிவிட்டார். இன்னொருவர் தீபாவளி கழியட்டும் என்றார். எந்த வருஷத்துத் தீபாவளி என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை வீட்டில் காலைச் சாப்பாடு மட்டும் நீடித்தது, பிணத்தைத் தொடுவதற்கு முந்தைய வேளை என்பதால். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ பசிதான். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா என்று தினமும் யோசித்தேன்.

வியாழக்கிழமை வீடு மற்ற எல்லாவற்றையும்விட ஆசாரமான வீடு. மாமா அரண்மனை ஆபீஸில் குமாஸ்தா. மாமி மடிப்புடவையோடு நடந்து வந்தால் நாய் பூனைகூட ஒதுங்கிப் போகும். அங்கேயும் கதவு சாத்தியிருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். மாமி என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொன்னாள். கிணற்றடியில் உலர்ந்த வேஷ்டி ஒன்று மடித்து வைத்திருந்தது.

"தலையோட தீர்த்தமாடிட்டு வா."

"பிணத்தைத் தொட்டவனுக்கு நம்ம ஆத்துல சாதமா?" என்று உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"அதான் தீர்த்தமாடறானே. சும்மா இருங்கோ."

கார்த்திகை மாதத்து மைசூர்க் குளிரில் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு, பல் கிட்டிப்போய் வந்து உட்கார்ந்தேன். மாமி சாதம் போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"அங்கே வர்றவா எல்லாம் யாருடா?"

"யாரும் இல்லாதவா மாமி. ஆஸ்பத்திரியில போனவா. கேட்டுண்டு வர ஆள் இல்லைன்னா காலேஜுக்கு அனுப்பிடுவா."

"காலைப் பார்ப்பியோ?"

"எல்லாத்தையும் பார்க்கணும்."

"இடது கால்ல ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டிண்டு இருக்கும். பிறவியிலேயே அப்படி. அந்த மாதிரி யாராவது வந்தா எங்கிட்டச் சொல்லு."

மாமிக்கு ஒரே பிள்ளை. பதினைந்து வயதில் பரீட்சையில் தவறி, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சிநேகிதர்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் காவேரியும் இருக்கிறது, ரயில் ஸ்டேஷனும் இருக்கிறது. மாமா ஆற்றை நம்பினார். மாமி ரயிலை நம்பினாள். ரயிலேறிப் போனவன் என்றைக்காவது இந்த ஊருக்கே திரும்பி, வீட்டு வாசலை மிதிக்க வெட்கப்பட்டு, அனாதையாக ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனால் என்ன செய்வது என்பது அவளுடைய பயம்.

எனக்கும் என் கூட்டாளிக்கும் கொடுத்திருந்தது ஒரு கை. கால் வேறு இருவருடைய பங்கு. அதனால் ஹாலில் புதுப் பிணம் எந்த மேஜைக்கு வந்தாலும், அவர்கள் தோலை உரிப்பதற்குள் நான் போய் இடது பாதத்தைப் பார்த்துவிட்டு வருவேன். "ஏனய்யா, ஆசீர்வாத சிக்கித்தா?" என்று கன்னடத்தில் கேலி செய்வார்கள். அய்யங்கார் பையன் பிணத்தின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறான் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. புதுப் பிணம் வந்தால் மற்றவர்களுக்குக் குமட்டும், எனக்குப் பயமாக இருக்கும். அந்த விரல்கள் ஒட்டியிருந்தால் அதை நான் போய்ச் சொல்ல வேண்டும். அதோடு வியாழக்கிழமைச் சோறும் போய்விடும் என்ற பயம் அதில் கலந்திருந்ததா என்றால், கலந்துதான் இருந்தது.

வியாழன்தோறும் தீர்த்தமாடிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்ததும், "யாராவது வந்தாளா?" என்பாள். "இல்லை மாமி" என்பேன். நெய்க் கரண்டி தாராளமாகச் சாயும். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

பங்குனியில் பிள்ளை போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிந்தது. காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணிக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது சாஸ்திரம். மாமா, காரியம் செய்து வைக்கிற வாத்தியாரிடம் நாள் குறித்துக்கொண்டு வந்தார். மாமி என்னை அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நீ சொல்லுடா அவருக்கு."

"நான் பார்த்தவரைக்கும் அப்படி யாரும் இல்லை, மாமா."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மைசூர்ல மட்டுந்தான் சாவாளா, அப்பா?" என்றார். பிறகு, "பன்னெண்டு வருஷமாப் பசியோட அலையறான். ஒரு பிண்டம் போட வேண்டாமா?" என்றார். அதுவரை அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கிளம்பிவிட்டேன்.

குறித்த நாளும் ஒரு வியாழக்கிழமைதான். போகலாமா கூடாதா என்று குழம்பி, கடைசியில் பசி ஜெயித்து, சாயந்திரம் போனேன். காவேரிக் கரையில் உருவத்தைக் கொளுத்திவிட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். வீடு முழுக்க உறவினர்கள். ஒவ்வொருவர் தலையும் ஈரம். மாமா ஈர வேஷ்டியோடு நடையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு இங்கே சாப்பிடப்படாது. சாவுத் தீட்டு" என்றார், என்னைப் பார்க்காமல்.

மாமி மட்டும் ஸ்நானம் செய்யவில்லை. காலையிலிருந்து வாத்தியார் சொல்லியாகிவிட்டது, நாத்தனார்கள் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாகிவிட்டது. "உயிரோட இருக்கற பிள்ளைக்கு நான் எதுக்குத் தலையில தண்ணி விட்டுக்கணும்?" என்று ஒரே பிடியாக இருந்திருக்கிறாள். அந்தக் கோலத்தில் அவளைச் சமையலறைக்குள் யாரும் விடவில்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிப் பொங்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் சாப்பிடலாம். அவனுக்கென்ன புதுசாத் தீட்டு?" என்றாள், அங்கிருந்தே.

நான் வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். மாமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாக என் நிழல்கூட மேலே படாமல் விலகி நடந்தவள்.

"வேண்டாம்டா. இன்னிக்கு இந்த ஆத்துல நீயும் தலையில தண்ணி விட்டுக்காதே."

அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணில் இலை போட்டாள். கையில் ஃபார்மலின் நாற்றம் அப்படியே இருந்தது. சாதத்தைப் போட்டுவிட்டு, கொல்லைக் கதவருகே வந்து நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "யாராவது வந்தாளா?" என்று கேட்டாள்.

"இல்லை மாமி" என்றேன்.

அந்த வீட்டில் அன்றைக்கு வேறு யாரும் அவள் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடவில்லை. நான் குளிக்காமல், பிணம் அறுத்த கையோடு, அவள் போடப் போடச் சாப்பிட்டேன்.