இரண்டு தலை வயர்

எனக்கு வாய் கொஞ்சம் கூட. கடைக்கு வருகிறவர்களை ஏசாமல் ஒரு வேலையும் ஓடாது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தேன். சண்டை மறுபடி தொடங்கி, மூதூர்ப் பக்கம் விழுகிற செல் குண்டின் சத்தம் குடாவைத் தாண்டி வந்து அலுமாரிக் கண்ணாடியை அதிரவைத்த காலம் அது.

அந்த நாட்களில் எனக்கு அதிகம் கோபம் ஏற்றியவை யூ.எஸ்.பி. வயரில் ஓடும் சின்ன ஹார்ட் டிஸ்க்குகள். ஒரு துவாரத்தில் வருகிற கரண்ட் அவற்றுக்குக் காணாது. உள்ளே தட்டு சுற்றத் தொடங்கும், டிக் டிக் என்று அடிக்கும், படுத்துவிடும். "ஐயோ, எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வருவார்கள். ஒன்றும் அழியவில்லை, பசி, அவ்வளவுதான். அதற்காகவே ஒரு பக்கத்தில் இரண்டு தலை உள்ள வயர் இருக்கிறது. இரண்டையும் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் குத்தவேண்டும். சனம் ஒன்றைக் குத்தும், மற்றதைத் தொங்கவிடும்.

மூன்று கடை தள்ளி ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணை கிளிவெட்டிக்காரர். இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு அடையாள அட்டைப் படம் எடுப்பவர். படம் திரும்பத் தேவைப்படும் என்று, ஒவ்வொரு முகத்தோடும் பெயர், ஊர், இப்போது தங்கியிருக்கும் வீடு எல்லாம் பதிந்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தார்.

"இது ஆரிட்டையும் அகப்பட்டா எத்தினை வீட்டுக் கதவு தட்டுவாங்கள் தெரியுமே?" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அப்ப அழியுங்கோவன்."

"அழிச்சா, அட்டை துலைச்சதுகள் வந்து நிக்கேக்கை நான் என்ன செய்யிறது?"

அந்த ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது என்று மூன்று தரம் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று தரமும் நன்றாக ஏசி அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டூடியோ திறக்கவில்லை. அவருடைய மனைவி என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் அண்ணையின் மூக்குக் கண்ணாடி.

"தம்பி, விடிய வெள்ளண வான் ஒண்டிலை வந்து அவரை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். ஆரெண்டு தெரியாது. கண்ணாடி போடக்கூட விடேல்லை. ஏதும் கேள்விப்பட்டாச் சொல்லுங்கோ."

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் பத்து மணி போல, கீழே குனிந்து ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேசையில் ஏதோ வைக்கிற சத்தம். தலையைத் தூக்கினால், அண்ணையின் ஹார்ட் டிஸ்க், ஸ்டூடியோ ஸ்டிக்கரோடு. "வேலை செய்யுதில்லை, பாருங்கோ" என்றது ஒரு குரல். மனுசனை விட்டுவிட்டார்கள், யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. சந்தோசம் வந்தாலும் எனக்கு ஏச்சுத்தான் வரும்.

"எத்தினை தரம் சொன்னனான் அந்த மனுசனுக்கு, ரெண்டு தலையையும் பின்னுக்குக் குத்தச் சொல்லி! இது பழுதில்லை. அவருக்கு நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தெரியாத ஆள். இன்னொருவன் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அங்கேயே நின்றான்.

"அவருக்குத் தெரியுமோ?" என்று மேசையருகில் நின்றவன் மெல்லக் கேட்டான். "எங்களிட்டைப் பழுதெண்டெல்லோ சொன்னவர். மூண்டு நாளா அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

நான் ஏசியதில் ஒரு சொல்லும் அண்ணைக்கு மறக்கவில்லை. ஒரு தலையை மட்டும் குத்திக் காட்டி, அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்கவைத்து, அத்தனை சனத்தையும் மூன்று நாள் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார். பாழாய்ப்போன என் நாக்கு!

"குத்துங்கோ" என்றான்.

ஒரு தலையை மட்டும் முன்பக்கத்தில் குத்தினேன். டிக் டிக் என்று அடித்தது.

"ரெண்டையும். பின்னுக்கு."

குத்தினேன். விளக்கு அசையாமல் எரிந்தது. கிளிவெட்டி, மூதூர், ஈச்சிலம்பற்று என்று ஊர் ஊராகப் படங்கள் திரையில் திறந்தன. அவன் ஒரு முகத்தையும் அவசரப்பட்டுப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மூடச் சொல்லி, வயரைப் பக்குவமாகச் சுருட்டி ஹார்ட் டிஸ்க்கோடு எடுத்துக்கொண்டு, "நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் அண்ணையின் மனைவி வந்தார். "தம்பி, ஏதும் தெரிஞ்சுதோ?"

காலை வரை உயிரோடுதான் இருந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

"இல்லை அக்கா" என்றேன்.