அடுத்த நிலையத்தில் நின்றவர்

குலம் அண்ணை இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே வாசித்தேன். லண்டன் மனோர் பார்க்கில் என் வீட்டு மேசையில் காலைத் தேநீரோடு இருந்தபோது, பாரிசிலிருந்து அவருடைய மகள் அனுப்பிய செய்தி கைபேசியில் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரிந்து இரண்டு வருடம்தான். இன்றும் ஒவ்வொரு செய்தியும் எனக்கு இனிப்புப் போல. அவசரப்படாமல், விரலை வைத்து, எழுத்தெழுத்தாக வாசிப்பேன். "அப்பா" என்ற சொல்லைச் சந்தோஷமாகவே வாசித்தேன். "விடிய" என்பதையும் அப்படித்தான். மூன்றாவது சொல்லில் விரல் நின்றுவிட்டது. "மோசம்போயிட்டார்."

அண்ணையின் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாரிசில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் அண்ணையும் நானும் யோகனும் பதினாறு வருடம் வேலை செய்தோம். அவ்வளவு காலமும் எனக்கு எந்த மொழியிலும் ஒரு எழுத்தும் தெரியாது. ஏழு வயதிலேயே கடலுக்குப் போனவன் நான். யாராவது என்னிடம் ஒரு தாளை நீட்டினால் அண்ணை இடையில் புகுந்து வாங்கிவிடுவார். "இவன் கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டான், இஞ்சை தா" என்பார். இவனிடம் கண்ணாடி இருப்பதை நான் ஒரு நாளும் காணவில்லையே என்று யோகன் ஒருமுறை கிண்டலடித்தான். அடுத்த நாளே அண்ணை தெருக்கடையில் பவர் இல்லாத ஒரு கண்ணாடி வாங்கிவந்து என் சட்டைப் பையில் செருகினார். "பொய்க்கும் ஒரு சாட்சி வேணுமடா" என்றார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை யோகனே இப்போதுதான் அறிவான்.

அங்கே நிலக்கீழ் ரயிலில் நான் அடிக்கடி தவறிப்போவேன். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "வாசிக்கத் தெரிஞ்சவன் தேடவேணும், தெரியாதவன் நிக்கவேணும். உன்னை ரயில் கொண்டுபோனால் அடுத்த ஸ்டேசனிலை இறங்கி நில். ரெண்டு பேரும் தேடினால் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்க ஏலாது." நான் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் அவர் வந்துவிடுவார்.

பிறகு நான் லண்டனுக்கு வந்தேன், யோகன் சூரிச்சுக்குப் போனான். கலியாணங்களிலும் செத்தவீடுகளிலும் மட்டுமே சந்தித்தோம். போன கோடையில் அண்ணைதான் எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பெடுத்து, ஒரு காரணமும் இல்லாமல் ஒருமுறை கூடுவோம், நாலு நாள் சும்மா லண்டனைச் சுற்றுவோம் என்றார். முதல் இரண்டு நாளும் தேம்ஸ் கரையில் நடந்தோம், கரையோர வாங்கில் அமர்ந்து ஐஸ்கிறீம் குடித்தோம், பழைய முதலாளியைப் போல நடந்து காட்டிச் சிரித்தோம். மூன்றாம் நாள் யோகன் முழங்கால் நோவென்று படுத்துவிட்டான். நானும் அண்ணையும் விம்பிள்டன் பிள்ளையாரைக் கும்பிட வெளிக்கிட்டோம்.

யோகன் பக்கத்தில் இல்லாததால் எனக்குத் துணிவு வந்தது. நூலக வகுப்பில் எழுத்துப் பழகத் தொடங்கிய நாளிலிருந்து இதை அண்ணைக்கு நேரில் காட்டத்தான் ஆசைப்பட்டிருந்தேன். ரயிலின் நெற்றியில் எழுதியிருந்த ரிச்மண்ட் தொடங்கி, வழியில் வந்த நிலையங்களின் பெயர்களையெல்லாம் உரக்க வாசித்தேன். நீரிழிவால் அவருடைய கண் மங்கியிருந்தது, பலகைகள் அவருக்கு வெறும் புகை. "மெல்ல வாசியடா, சனம் பாக்குது" என்றார். ஆனால் என் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

அது ரிச்மண்ட் போகும் ரயில், விம்பிள்டனுக்கு ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறவேண்டும். அவருடைய பையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முதலில் இறங்கினேன். அவர் இறங்குமுன் கதவு பூட்டிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை உயர்த்தினார். ரயில் அவரைக் கொண்டுபோய்விட்டது. கைபேசியில் அழைத்தேன். என் தோளில் கிடந்த பைக்குள் மணி அடித்தது. அவருடைய பிஸ்கட்டும் பழச்சாறும் அதற்குள்தான் இருந்தன. காலையில் ஊசி போட்டவர். பதினொரு மணிக்கு ஏதாவது வயிற்றுக்குள் போகாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார். அப்போது மணி பத்தரை.

நான் நின்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். வந்த ஒவ்வொரு ரயிலிலும் ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன். பதினொன்றாகியது. பதினொன்றரையாகியது. அண்ணை என்னைத் தேடி வராமல் விட்டது கிடையாது. ஆகவே எங்கேயோ விழுந்துவிட்டார் என்று முடிவு செய்து, அந்தச் சனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன். முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சுவரில் இருந்த பெயரை என் கண் தானாக வாசித்தது. அப்போதுதான் நெஞ்சில் அடித்தது. இங்கே வாசிக்கத் தெரிந்தவன் நான். அவர் நிற்கிறார்.

முன்னால் நின்ற ரயிலில் பாய்ந்து ஏறினேன். அது விம்பிள்டன் ரயில். அடுத்த நிலையத்தில் அவர் இல்லை. திரும்பி வந்து, பலகையின் முன் நின்று, ரிச்மண்ட் போகும் கோட்டை விரலால் பிடித்து அடுத்த பெயரை எழுத்துக் கூட்டினேன். வெஸ்ட் கென்சிங்டன். அவ்வளவு பயத்தோடு நான் ஒரு சொல்லையும் வாசித்ததில்லை.

அங்கே மேடையில் கிடந்த வாங்கில் அண்ணை இருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. உதடு வெளிறியிருந்தது. பழச்சாற்றைப் பருக்கினேன், பிஸ்கட்டை உடைத்து வாயில் வைத்தேன். "வந்திட்டன் அண்ணை, வந்திட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பழச்சாறு முடிந்த பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீதானே இப்ப வாசிக்கிறனி. அதுதான் நான் நிண்டனான்" என்றார். பிறகு, "ஏன்ரா இவ்வளவு நேரம்? கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டியோ?"

இந்தக் கோடையில் பாரிசில் கூடுவதாக இருந்தோம். அதற்கு முன்பே கூடினோம், அவருடைய செத்தவீட்டில். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பலகைகளை வாசித்து வாசித்தே நான் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். அதைச் சொல்லிப் பெருமைப்பட நினைத்த ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

நான் வாயால் சொல்ல, மலருக்குத் தானே எழுதித் தருவதாக அண்ணையின் மகள் சொன்னாள். வேண்டாம் பிள்ளை, நானே எழுதுகிறேன் என்றேன். எழுதத் தொடங்கி ஒன்பது நாளாயிற்று. அந்தப் பவர் இல்லாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அவருடைய சட்டமும்தான். தேடவேண்டியவன் நான் என்று இப்போது எனக்குத் தெரியும், அண்ணை. நீங்கள் எங்கே இறங்கி நிற்கிறீர்கள் என்றுதான் எந்தப் பலகையிலும் எழுதவில்லை.