துண்டு தொங்கும் நேரம்

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கஸ்டமர் கேர்’. வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்கிற வேலை. “உனக்கென்னம்மா, காலை நீட்டி உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்குற” என்பாள் மாடிவீட்டுக்காரி. இக்கரைக்கு அக்கரை பச்சை. ஒரு நாள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

அதற்காக வேலையைக் குறை சொல்லிவிடவும் முடியாது. லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான் கணவன். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஓடிப்போய் அவனைப் புரட்டிப் படுக்க வைக்கலாம். பள்ளிவிட்டு வரும் மகளுக்குச் சோறு போடலாம். வெளியே போகிற வேலையில் இதெல்லாம் நடக்கிற காரியமா? அடுப்பும் எரிந்தது, அவன் முதுகும் புண்ணாகாமல் இருந்தது.

அதற்கும் வந்தது வினை. அழைப்புகள் எல்லாம் பதிவாகும். ஒன்றில் அவன் இருமல் கேட்டதாம், இன்னொன்றில் குழந்தை வீறிட்டதாம். இன்னொரு முறை வீட்டுச் சத்தம் கேட்டால் அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டாள். அலுவலகம் ஊரின் மறுகோடியில். போனால் இவர்களை யார் பார்ப்பது, போகாவிட்டால் எதைத் தின்பது? இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தவள், கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் அறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. இருமல் வந்தால் அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பொம்மையோடுகூட சாடையில்தான் பேசும். என்ன பிழைப்பு இது!

அன்று மதியம் ஒருவன் அவளைக் கிழி கிழியென்று கிழித்தான். மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதாம். இவள்தான் ஓட்டை போட்டாள் என்பது போலப் பேச்சு. “மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் சார்” என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. ஒருவழியாக அழைப்பு முடிந்து இடைவேளை வந்தது. எழுந்துபோய்த் துண்டை எடுக்க வேண்டும். எடுத்தால் இருவரும் கூப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும்போல் இருந்தது. துண்டு தொங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். நாளெல்லாம் ஊருக்குப் பதில் சொல்பவள் தனக்கென்று திருடிக்கொண்டது அந்த ஒரு துளி நேரத்தைத்தான்.

கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். ஃபிளாஸ்க் கவிழ்ந்து கிடந்தது. கட்டிலோரத்தில் மகள் நின்றாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி. பாதம் இரண்டும் சிவந்து கொப்பளித்திருந்தன. கணவன் கட்டிலிலிருந்து பாதி தொங்கியபடி, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அந்தக் கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“எனக்கு இருமல் வந்துச்சு. சத்தம் கேட்டுடும்னு வெந்நீர் ஊத்த ஓடினா. கை தவறிடுச்சு” என்றான் ரகசியக் குரலில்.

“என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“துண்டு தொங்குச்சே.”

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். எந்த அழைப்பும் இல்லாமல் தொங்கிய துண்டு. அதை இவர்களிடம் எந்த வாயால் சொல்வாள்? பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். மகள் வாயிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள்.

“அம்மா, இப்போ அழலாமா?”

“அழுடா கண்ணு. சத்தமா அழு.”

குழந்தை வாயைத் திறந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, உதடு கோணியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் அவள்தான் ஓவென்று கதறினாள்.

உள்ளே அடுத்த அழைப்பு மணியடித்தது. மகள் பதறிப்போய், ஈரக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.