சீசன் சும்மா கிடக்கு

பூதப்பாண்டி கணபதியப்பனிடம் ஒரு பழக்கம் உண்டு. பற்பசைக் குழாய் தீர்ந்துவிட்டதென்று வீட்டில் யாராவது தூக்கிப் போட்டால், அதை எடுத்துக் கத்தரியால் நெடுக வெட்டி இன்னும் நான்கு நாள் பல் தேய்த்துக் காட்டுவார். "தீரல்ல. உங்களுக்குப் பொறுமைதான் தீந்து போச்சு" என்பார். அவரோடு இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்திய அழகியநாயகிக்கு இதெல்லாம் பழகிப் போயிருந்தது. ஊரில் அவரைக் கஞ்சன் என்பார்கள். அவள் சொல்ல மாட்டாள். மனிதர் குடிப்பதில்லை, கைமாற்று வாங்குவதில்லை, ஒன்றரை ஏக்கர் வயலை வைத்துக்கொண்டு மகள் ஆர்த்திகாவைக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க வைக்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற சொல்லைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரிடம்தான் அவள் ஒரு நாள், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, தனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள்.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் நாட்டிய உடை தைக்கும் கடை. நடத்துகிறவள் பிரிஜா, மார்த்தாண்டத்துப் பெண். பூதப்பாண்டியில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு அழகியநாயகி தைத்துக் கொடுத்த உடையைப் பார்த்துவிட்டு, யார் கை இது என்று விசாரித்து அவளே போன் செய்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும். செவ்வாய், வியாழன், சனி. இருபத்தோரு வருடமாக வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஊராரின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தவளைத் தேடி ஒரு வேலை வந்திருக்கிறது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கணபதியப்பன் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிரப்பிடாது, கேட்டியா" என்றார். "போக்குவரத்துச் செலவு எவ்வளவு ஆவும்னு மொதல்ல பாக்கணும். பாத்துட்டுச் சொல்லுகேன்."

பார்க்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். நாகர்கோவில் ஸ்டேஷன் விசாரணைக் கவுன்டரில் இரண்டு முறை வரிசையில் நின்றார். போனில் ரயில்வே ஆப்பை இறக்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். எட்டாம் நாள் காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நாகர்கோவில் டவுன்ல பாசஞ்சர் ஏறினா ஒரு வழிக்கு இருவது. குழித்துறையில ஏறினா பத்துதான். பொம்பளையளுக்குத்தான் சாதாரண பஸ்ஸுல டிக்கெட் கிடையாதே. பூதப்பாண்டி டு வடசேரி ஓசி. வடசேரி டு குழித்துறை ஓசி. அங்கேருந்து பத்து ரூபாய்க்கு ரயில். போக வர இருவது ரூபாயில காரியம் முடிஞ்சுது."

நாகர்கோவிலில் ஏறினால் நாற்பது, இப்படிப் போனால் இருபது. அந்த இருபது ரூபாய்க்காக அழகியநாயகி விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, மூன்று வண்டி மாறி, அதே பாசஞ்சரை அது முக்கால் மணி நேரம் ஓடிவந்த பிறகு குழித்துறையில் பிடிக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டாரே, அது போதும் என்று இருந்தது.

வேலை அவளுக்கு வெல்லக்கட்டியாக இனித்தது. நாட்டிய உடையில் முன்பக்கம் விசிறி மடிப்பு என்று ஒன்று வரும். பிள்ளை முட்டியை மடக்கி அரைமண்டியில் இருக்கும்போது அது மயில்தோகைபோல விரிய வேண்டும். மடிப்பு ஒரு விரல் பிசகினாலும் ஒரு பக்கம் தொங்கிவிடும். அவள் தைத்ததில் ஒன்றுகூடத் தொங்கவில்லை. இரண்டே வாரத்தில் நடனப் பள்ளிக்காரர்கள், "அந்த நாஞ்சில்நாட்டு அக்கா தைச்சாப் போதும்" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். இத்தனை வயதுக்குப் பிறகு தன் பெயரைச் சொல்லித் தேடி வருகிறார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. வரட்டுமே, வந்தால் என்ன?

தொல்லை பஸ்ஸில் இருந்தது. எக்ஸ்பிரஸ் பஸ் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகப் போகும். அதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. சாதாரண பஸ்ஸுக்காக அவள் வடசேரியில் காத்து நிற்க வேண்டும். அது தக்கலையில் நிற்கும், அழகியமண்டபத்தில் நிற்கும், கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். மார்த்தாண்டம் நெரிசலில் ஒரேயடியாக நிற்கும். ஒன்றரை மாதத்தில் ஐந்து முறை ரயிலைத் தவறவிட்டாள். அடுத்த வண்டியைப் பிடித்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் மணி பதினொன்று.

ஐந்தாவது முறை பிரிஜா அவளை உள்ளே கூப்பிட்டாள். கோபக்காரியல்ல, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, உங்க கை எனக்கு வேணும். ஆனா நேரமும் வேணும். வாற செவ்வாய்க்கிழமை அரங்கேற்றத்துக்கு உள்ள ஒம்பது பிள்ளைகளும் ஒம்பது மணிக்கு அளவு பாக்க வருதுவ. அன்னைக்கும் பிந்தினா நான் கரமனையில ஒரு ஆளைச் சொல்லி வச்சிருக்கேன், அவளை எடுக்க வேண்டியதாப் போவும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க."

அந்தச் சனிக்கிழமை ரயில் கிடைத்தும் அழகியநாயகிக்கு முகம் வாடியே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவள் பார்வதிபுரம் ஷிபா. ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். வழக்கமாகப் பார்த்துச் சிரிப்பாள். அன்று பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா எந்த ஊரு?"

"பூதப்பாண்டி."

"பூதப்பாண்டியா? அப்போ டவுன் ஸ்டேஷன்ல ஏறாம எதுக்குக் குழித்துறை வரைக்கும் வந்து ஏறுதிய?"

அழகியநாயகி விவரத்தைச் சொன்னாள். ஷிபா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சால்வை முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சீசன் டிக்கெட் எடுக்கப்பிடாதா அக்கா?"

"அது தினமும் போறவங்களுக்கு உள்ளதுல்லா. நான் மூணு நாளுதானே போறேன்."

"நானும் மூணு நாளுதான். எத்தனை நாளு போறியன்னு ரயில்வே கேக்கவே செய்யாது. மூணு மாசத்துக்குச் சேத்து எடுங்க, இன்னும் குறையும். பங்கு வச்சுப் பாத்தா உங்க அண்ணாச்சி போட்ட வழிக்கும் இதுக்கும் மாசத்துக்குப் பத்து ரூபாதான் வித்தியாசம் வரும். டவுன்ல ஏறி உக்காந்தா நேரே திருவனந்தபுரம்."

பத்து ரூபாய். ஒரு சாயாக் காசு. அழகியநாயகி அன்று சாயங்காலமே ஆதார் அட்டையோடு கவுன்டருக்குப் போய், தன் சம்பளத்தில் நாகர்கோவில் டவுனிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மூன்று மாதச் சீசன் எடுத்தாள். புருஷனைக் கேட்காமல் அவள் செய்த முதல் செலவு அது. பஸ்ஸில் வரும்போது கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் கணபதியப்பன் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"மாசத்துல பன்னெண்டு நாளு போறதுக்கு முப்பது நாளைக்குக் காசா? பதினெட்டு நாளு சும்மா கிடக்குமே. குடியிருக்காத வீட்டுக்கு வாடகை குடுத்த கதையால்லா இருக்கு."

"நான் தூங்காத தூக்கத்துக்கு உங்க கணக்குல எவ்வளவு எழுதியிருக்கிய?"

"மார்த்தாண்டத்துல ஒரு நாளு ரெண்டு நாளு தாமசம் வரத்தான் செய்யும். நீ பஸ்ஸு பாத்து ஏறத் தெரியாம நிக்க. நேரம் சரியாத்தான் போட்டு வச்சிருக்கேன்."

அழகியநாயகி சட்டென்று சிரித்துவிட்டாள். "அப்போ செவ்வாய்க்கிழமை நீங்களே வந்து காட்டுங்க. நீங்க உங்க வழியில வாங்க, நான் எனக்க வழியில போறேன். குழித்துறையில பாப்போம்."

விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அழகியநாயகி அவர் போன பிறகு ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, தோசை சுட்டுத் தின்று, தலையில் ஒரு முழம் பிச்சிப்பூவும் வைத்துக்கொண்டு டவுன் ஸ்டேஷனுக்குப் போனாள். முந்தின நாளே போனில் எல்லாம் கேட்டிருந்த ஷிபா ஜன்னலோரத்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். செய்தி அதற்குள் பெட்டி முழுக்கப் பரவியிருந்தது. பள்ளியாடி தாண்டியதும் சீசன்காரர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

குழித்துறை வந்தது. பிளாட்பாரத்தில் கணபதியப்பன் இல்லை. வண்டி ஊதியது, நகர்ந்தது. அப்போது நடைமேம்பாலத்தின் உச்சியில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. ஒரு கையில் வேட்டி நுனி, மறு கையில் துணிப்பை. படியில் நாலெட்டு இறங்கினார். பிறகு இறங்கிப் பயனில்லை என்று நின்றுவிட்டார். அழகியநாயகி கையை வெளியே நீட்டி ஆட்டினாள். பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் அவர் அப்படித் தனியாக நின்ற நிலையைப் பார்த்ததும் ஆட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

போன் வந்தது. "நாயகி, வடசேரியில எக்ஸ்பிரஸ் வந்துது. சாதாரணத்துக்கும் அதுக்கும் ஏழு ரூபா கூடன்னு விட்டுட்டேன்."

"சரி. அடுத்த வண்டியில வாங்க. கிழக்கேகோட்டைக்கு வந்து எங்க கடையைக் கேட்டா யாரும் சொல்லுவாவ."

எங்க கடை என்று அவள் சொன்னதை அவளே அப்போதுதான் கவனித்தாள்.

ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடையின் ஷட்டருக்கு முன்னால் நின்றது அழகியநாயகிதான். சாவியோடு வந்த பிரிஜா அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். கரமனைக்காரிக்குப் போன் போகவில்லை.

கணபதியப்பன் வந்து சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஒன்பது பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களுமாகக் கடை நிறைந்திருந்தது. நடுவில் அவர் மனைவி வாயில் நாலு ஊசியைக் கவ்விக்கொண்டு தரையில் முழங்காலிட்டிருந்தாள். "இரி மக்கா" என்றதும் ஒரு பிள்ளை அரைமண்டியில் இருந்தது. மடிப்பு சர்ரென்று விரிந்து இரண்டு பக்கமும் ஒரே அளவில் நின்றது. அம்மாக்கள் ஆகா என்றார்கள். ஒருத்தி குனிந்து தையலைத் தடவிப் பார்த்தாள். கணபதியப்பன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கோயிலுக்கு வெளியே நிற்பதுபோல நின்றார்.

"குழித்துறை வழி கண்டுபிடிச்ச அண்ணன் நீங்கதானா?" என்று பிரிஜா நாற்காலி போட்டாள். அவர் அசடு வழிய உட்கார்ந்து, அவள் வரவழைத்த சாயாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். டவுன் ஸ்டேஷனுக்கே டிக்கெட் எடுத்தார். நெய்யாற்றின்கரை தாண்டியதும் அவர் கேட்டார்.

"ஒன்றரை மாசம் இப்படியாட்டி வந்த?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்லா."

"எப்படிச் சொல்ல? இருவது ரூபாயில முடிஞ்சுதுன்னு நீங்க சிரிச்சிட்டுல்லா வந்திய."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குழித்துறைப் பிளாட்பாரமும் நடைமேம்பாலமும் பின்னால் போயின. "எனக்குப் பஸ்ஸுக்கே அம்பது ரூபாய்க்கு மேல ஆச்சு. ஆம்பளையளுக்கு ஓசி இல்லைங்கத நான் கணக்குல சேக்கல்ல" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ நாலு மணிக்கு எழும்பினதையும் சேக்கல்ல" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. இதுதான் அது என்று அவளுக்குத் தெரியும்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரணியல் தாண்டியதும் அவர் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். பன்னிரண்டு நாள் போனால் சீசன் பத்து ரூபாய் கூட. பதின்மூன்றாவது நாளும் போனால் அவர் வழியைவிடச் சீசனே மலிவு. பதினாலு, பதினைந்து என்று போகப் போக இன்னும் மலிவு. அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. திங்கட்கிழமை அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தால், "சீசன் சும்மா கிடக்கு" என்பார். புதன்கிழமை, "சாலைக் கடைத்தெருவுல சரிகை விலை குறைவாம், ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாயேன். சீசன் சும்மாதானே கிடக்கு" என்பார். வெட்டிய பற்பசைக் குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைப் பார்க்கிற அதே பார்வையை அந்தச் சீசன் டிக்கெட்டிலும் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை உலுக்கி எழுப்பினார். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"எழும்பு. மாசம் முடியப் போவுது, இன்னும் பன்னெண்டுலதான் நிக்கு. சங்குமுகம் கடல் பாத்துட்டு வருவோம்."

"கன்னியாகுமரிக் கடல் இங்கதான கிடக்கு."

"அதுக்குச் சீசன் இல்லியே."

கல்யாணமான புதிதில் சுசீந்திரம் தேரோட்டத்துக்குக் கூட்டிப் போனவர். அதற்குப் பிறகு வேலை இல்லாமல், விசேஷம் இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வர என்று இருவரும் எங்கும் போனதில்லை. அழகியநாயகி பெட்டியிலிருந்து மாம்பழ நிறச் சேலையை எடுத்தாள். கொசுவத்தை ஒரு விரல் பிசகாமல் மடித்துக் கட்டினாள்.

டவுன் ஸ்டேஷனில் அவர் வரிசையில் நின்று, திருவனந்தபுரம் என்று சொல்லிக் கவுன்டருக்குள் இருபது ரூபாயை நீட்டினார். பின்னால் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்ற அழகியநாயகியைப் பார்த்துவிட்டு, "ரெண்டுதானே?" என்றார் உள்ளே இருந்தவர்.

"ஒண்ணு போதும்" என்றார் கணபதியப்பன். வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்கும்படி, "அவளுக்கு அவளோட சீசன் உண்டு" என்றார்.