என் முதுகில் அவள் நிழல்

வெண்ணந்தூர்ப் பக்கம் ஓட்டம் நின்றுபோன ஒரு விசைத்தறிக் கொட்டகையைக் கண்காட்சிக்காக நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். எல்லோரும் சிற்பம் படித்தவர்கள். இடத்துக்காகச் சண்டை வரக்கூடாது என்று சீட்டு எழுதிக் குலுக்கினோம். எனக்கு நட்டநடு இடம் விழுந்தது. கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவளுக்கு மேற்கு வாசல், அதாவது வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் இடம். 'அடடா, பாவம்' என்று வாயால் சொன்னேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. படிக்கும்போது நான் மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஒன்றைச் செய்வேன். அவள் கடைசி வாரம் எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்து நிறுத்துவாள். வாத்தியார் போய் நிற்பது அவளுடையதன் முன்னால்தான். கொடுத்துவைத்தவள். அன்றைக்குப் பற்றிக்கொண்ட எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்த முறையும் அப்படியே. நான் செய்தது குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. தலை இல்லை, கை இல்லை, வெறும் முதுகு மட்டும் ஆள் உயரத்துக்கு மேல். சுண்ணாம்புக் காரையைப் பூசி, கண்ணாடிபோல ஆகும்வரை தேய்த்தேன். அவளோ நாமக்கல்லில் ஏதோ பண்ணையில் கழித்துப்போட்ட கோழிக்கூண்டுகளைப் பிரித்து, அந்தக் கம்பி வலைகளை வாசல் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டாள். கழுவக்கூட இல்லை. ஓரிரு இறகு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாள் காலையில் வந்தவர்கள் கூண்டுகளை ஒதுக்கிவிட்டு நேராக என் முதுகைப் பார்க்க வந்தார்கள். தலை நிமிர்ந்து நின்றேன். சாயங்காலம் மேற்கு வாசல் வழியாக வெயில் உள்ளே வந்தது. அவளுடைய கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு, என் வெள்ளை முதுகில் ஏறிப் படர்ந்தது. காற்றடித்ததும் கூண்டு அசைய, முதுகு மூச்சு விடுவதுபோல இருந்தது.

"கூண்டுக்குள்ள ஒரு பொம்பள இருக்குதுங்க!" என்று யாரோ சொன்னார்கள்.

எல்லோரும் என் சிற்பத்தின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். எடுத்துவிட்டு வாசலுக்குப் போய் அவளிடம் கை கொடுத்தார்கள்.

அவள் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். "ஏம்புள்ள, பாத்தியா? நாம ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதரியே ஆயிப்போச்சு!"

அவள் முகத்தில் சூது எதுவும் இல்லை. திட்டம் போட்டுச் செய்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

கடைசி நாள் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு கல்லூரித் தாளாளர் வந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் சம்பாதித்தவர். புதுக் கட்டடத்தின் முன்கூடத்துக்கு ஒரே ஒரு சிற்பம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகக் கோயில் சுதை வேலை செய்து பிழைக்கிற எனக்கு, நானாக நினைத்துச் செய்த ஒன்று எங்காவது நிரந்தரமாக நின்றுவிட வேண்டும் என்பதுதான் ஆசை. அவர் வெயில் சாயும்வரை என் முதுகின் முன்னால் நின்றார். "அருமைங்க" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அந்தக் கூண்டு நமக்கு வேணுமுங்க" என்றார்.

போகும்போது என் சிற்பத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "இந்த வெள்ளச் செவுரு தறிக்காரருதுங்களா?"

"இல்லீங்க. என்னுதுங்க."

"அப்படீங்களா! நல்லா வழுவழுன்னு பூசியிருக்கீங்க."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

சில வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. "புள்ள, இங்க மாட்டுனா வெறும் கோழிக்கூண்டாத்தான் தொங்குது. தரை கருப்புக் கல்லு, நெழலே தெரியல. உன்ற முதுகு வந்தாத்தான் ஆகும். அவருகிட்டப் பேசிட்டேன். ரெண்டு பேரு பேரும் போடச் சொல்லீட்டேன்."

நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு: "யாரு பேரு மொதல்ல?"

அவள் சிரித்தாள். "உன்றதையே மொதல்ல போட்டுக்க, சாமி."

அந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கொன்றது. கேட்ட இடத்தைக்கூட அவள் கொடுத்து நான் வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது இரண்டும் அந்த முன்கூடத்தில் இருக்கின்றன. பலகையில் என் பெயர்தான் முதலில். சாயங்காலம் பிள்ளைகள் கூடிவிடுவார்கள் என்றும், அவளுடைய நிழல் என் முதுகில் ஏறும் நேரத்துக்காகவே காத்திருப்பார்கள் என்றும் கல்லூரிக் காவலாளி சொன்னார்.

போன மாதம் ஈரோட்டுக்கு வேலையாகப் போகும் வழியில், விடிந்ததும் திருச்செங்கோட்டில் இறங்கி அந்தக் கல்லூரிக்குப் போனேன். அந்தக் கூடத்துக்குக் கிழக்கிலும் கண்ணாடிதான். காலை வெயில் என் சிற்பத்தின் பின்னாலிருந்து வரும், அப்போது என் நிழல் அவள் கூண்டின்மேல் விழும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு தடவையாவது அதைப் பார்த்துவிட வேண்டும்.

வெயில் வந்தது. என் நிழல் நீண்டு போய்க் கூண்டைத் தொட்டது. கம்பி வலைமேல் எந்த நிழல் தங்கும்? இடுக்குகளுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் கருப்புத் தரையில் விழுந்து காணாமல் போயிற்று. கூண்டு எதுவும் நடக்காததுபோல லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம்வரை நான் இருக்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.