லொங்காங்குக்கு அந்தப் பக்கம்

உஷாராணி சும்மா உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் புக்கிட் லாலாங்கில் அதிகம் பேர் இல்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவள் உட்கார்ந்துதானே ஆகவேண்டும் என்று கேட்பீர்கள். ஓட்டும்போதும் அவள் அப்படியொன்றும் உட்கார்ந்திருக்க மாட்டாள். சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங்கைத் தட்டுவாள். கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளைகளை அதட்டுவாள். பக்கத்து லோரிக்காரனுக்கு மலாயில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவாள். வீட்டுக்கு வந்தால் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சாப்பிட்டு முடிப்பாள். அவள் கால் ஓரிடத்தில் தரிக்காது.

ஊரும் அவளைப் போலத்தான், எங்கேயும் ஒட்டாமல் கிடந்தது. கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் நடுவே ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கடை வரிசை, கொஞ்சம் வசதியானவர்கள் வீடு கட்டிக்கொண்ட ஒரு மேடு. அவ்வளவுதான் புக்கிட் லாலாங். ஊரை ஆண்டது தூரத்தில் இருந்த பெரிய மஜ்லிஸ், அதாவது நகராண்மைக் கழகம். அங்கே புகார் கொடுக்கப் போனால் அரைநாள் சம்பளம் போய்விடும். தெருவிளக்கு எரியவில்லையென்றால் அடுத்த தீபாவளிக்குள் வந்து பார்ப்பார்கள். வீட்டு வரி நோட்டீஸ் மட்டும் ஒரு நாள் பிந்தாது.

ஊர் பிரிந்து தனி மஜ்லிஸ் கேட்கக் கிளம்பியது டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. ஊருக்கு ஓரமாக ஓடும் பெரிய வடிகாலை எல்லாரும் லொங்காங் என்பார்கள். அதில் மண்ணும் குப்பையும் மேடிட்டு, மெத்தைகூட ஒன்று வந்து சொருகிக்கொண்டு கிடந்தது. அந்த டிசம்பரில் மழை விடாமல் பெய்தபோது லொங்காங் இருபக்கமும் வழிந்தது. உஷாராணியின் வீடு இருந்தது லொங்காங்குக்கு அப்பால், சின்னப் பாலம் தாண்டிய கடைசிச் சந்தில். ஊரிலேயே பள்ளமான இடம் அதுதான்.

அவள் கணவன் கமலநாதன் ஷா ஆலம் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வெள்ளம் கட்டிலைத் தொட்டதும் உஷாராணி அவனைச் சாப்பாட்டு மேசைமேல் இழுத்துப் போட்டாள். தண்ணீர் மேசைக்கும் ஏறியது. விடியும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். படகு வந்தபோது அவள் விரல்களை மற்றவர்கள்தான் பிரித்து எடுத்தார்கள். அன்றிலிருந்து மழை இருட்டினாலே போய் லொங்காங்கைப் பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இன்னொரு தடவை அவனைத் தண்ணீரில் தாங்கிப் பிடிக்கிற நிலைமை வரக்கூடாது. லொங்காங்கைத் தூர்வார வேண்டும். அதற்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு மஜ்லிஸ் வேண்டும்.

மேட்டில் இருந்த சிவசம்பு அங்கிள் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். தனி மஜ்லிஸ் கேட்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். விதிமுறை எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் வீடு வீடாகப் போய் மனுவுக்குக் கையெழுத்து வாங்க மடிப்புக் கலையாத சட்டை போதாது. அதற்கு உஷாராணி வேண்டியிருந்தது. காலையில் பிள்ளைகளை ஏற்றும்போது அம்மாக்களிடம், மதியம் இறக்கும்போது பாட்டன்களிடம், சனிக்கிழமை பாசாரில் மீன் விற்கிறவரிடம் என்று எல்லாரையும் மடக்கிப் பிடித்து வாங்கினாள். சீனர், மலாய்க்காரர் வீட்டிலும் அவளுக்குக் காப்பி கிடைக்கும். கடை வரிசையில் தையற்கடை வைத்திருக்கும் மாதவிதான் அவளுக்கு வலக்கை. மாதவியின் இரண்டு பெண்களும் அவள் வேனில் வருகிறவர்கள், டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டுக்குத் தினமும் சண்டை போடுகிறவர்கள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. மாநில அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து ஊரில் பொது விசாரணை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது கோயில் மண்டபத்தில் பாயசம் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் சுவரில் புது ஊரின் வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். உஷாராணி பாயசக் கிண்ணத்தோடு போய் நின்று தன் சந்தைத் தேடினாள். சிவப்புக் கோடு ஊரைச் சுற்றிவந்து லொங்காங்கின் இந்தக் கரையோடு நின்றுவிட்டது. பாலத்துக்கு அப்பால் வெள்ளையாகக் கிடந்தது. அவள் வீடு இருக்கவேண்டிய இடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி ஒன்று வரைந்திருந்தார்கள்.

"அங்கிள், எங்க சந்து எங்க?"

சிவசம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரும் பிள்ளை, சொல்லுறன். எல்லை என்றால் தெளிவா இருக்கோணும் என்று ஆபிஸில சொல்லிப்போட்டினம். ஆறு, ரோட்டு, லொங்காங், இப்பிடி ஒண்டு. பாலத்துக்கு அங்கால ரோட்டு பெரிய மஜ்லிஸ்ட. அதைக் கேட்டால் முழுசையும் தள்ளிப்போடுவினம். முதல்ல இது கிடைக்கட்டும். பிறகு உங்கட சந்தைச் சேர்ப்பம்."

"எனக்கு யாருமே சொல்லல."

"மீட்டிங் நேரம் நீர் வேன் ஓடப் போயிட்டீர்."

உண்மைதான். ஊருக்காக ஓடியவளுக்குத் தன் வீடு போன சமாசாரம் கடைசியில்தான் தெரிந்தது. இதைவிடப் பெரிய கூத்து இனிமேல்தான். விசாரணையில் பேசப்போகிறவளும் அவள்தானாம். வெள்ளத்தில் அவள்போல் அடிபட்டவர் ஊரில் வேறு யார்? மலாயும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும். கமலநாதனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைச் சொல்லும். வீடு எங்கே என்று கேட்டால், லொங்காங் பக்கத்தில என்று சொன்னால் போதும். அது பொய்யில்லைத்தானே?" என்றார் சிவசம்பு.

அவள் கதை வேண்டும், வீடு வேண்டாம். உஷாராணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாயசத்தை வைத்துவிட்டு வெளியே போய் வேனை மூன்று முறை சுற்றி வந்தாள். மாதவி பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

"பொறுத்துக்குங்க ஆன்ட்டி. எங்களுக்குக் கெடைச்சா உங்களுக்குக் கெடைச்ச மாதிரி இல்லையா?"

அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. சரியென்று தலையாட்டினாள்.

விசாரணை நாளன்று பலநோக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் மூன்று அதிகாரிகள், நடுவில் எல்லாரும் புவான் என்று மரியாதையாக அழைத்த பெண் அதிகாரி, சாந்தமான முகம். பின்னால் பெரிய திரையில் அதே வரைபடம். உஷாராணி பட்டுச்சேலையில் போயிருந்தாள். பேச ஆரம்பித்ததும் மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. மேசையைப் பற்றிச் சொன்னாள். படுத்திருந்தவன் கழுத்துவரை தண்ணீர் வந்ததும் கமலநாதன் அவளைப் பார்த்து, விட்டுவிடு, நீ போய்விடு என்று குழறிய வார்த்தையைச் சொன்னாள். அதை அதற்குமுன் யாரிடமும் அவள் சொன்னதில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

புவான் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் வீடு எந்தப் பக்கம், அக்கா?" என்று மலாயில் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

லொங்காங் பக்கத்தில் என்று சொல்லியிருக்கலாம். நீங்களும் நானும் அதைத்தான் சொல்லியிருப்போம். உஷாராணியின் கண் திரைக்குப் போயிற்று. அங்கே கமலநாதன் படுத்திருக்கும் இடத்தில் அந்தக் கறுப்பு அம்பு நின்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடையேறி, திரையில் விரலை வைத்தாள்.

"இந்த அம்பு நிற்கிறதே, அதுதான் என் வீடு."

"அது கோட்டுக்கு வெளியே இருக்கிறதே. இந்த மனு உங்கள் பிரச்சினையைத் தீர்க்காதே?"

"தீர்க்காது, புவான்."

அவ்வளவுதான். சிவசம்பு தலையைக் குனிந்துகொண்டார். எல்லையைச் சரிசெய்து, முதலிலிருந்து மறுபடி வாருங்கள் என்று கொஞ்ச நாளில் பதில் வந்தது. இரண்டு வருஷ ஓட்டம் ஒரு நிமிஷத்தில் தண்ணீராய்ப் போனது. ஊர் சும்மா விடுமா? வாட்ஸாப்பில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மாதவி குரல் பதிவு ஒன்று போட்டாள். "அவங்க வீடு இல்லன்னா நம்ம யாருக்கும் வேணாமாம். கூடவே இருந்து கவுத்துட்டாங்க." மறுநாள் அவள் பெண்கள் வேனுக்கு வரவில்லை. பிறகு இன்னும் சிலர் நின்றார்கள். டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டு காலியாகவே வந்து போனது. சண்டையில்லாத வேனில் உஷாராணிக்கு மூச்சு முட்டியது.

பெரிய மஜ்லிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பொம்பளை மேடையேறி மானத்தை வாங்கிவிட்டாளே! விசாரணைச் செய்தி பத்திரிகையில் வந்த சூடு ஆறுவதற்குள் மண்வாரி இயந்திரம் அந்தச் சந்துக்கு வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட ஒருவர் படமெடுத்துக்கொண்டு போனார். லொங்காங் ஓரமாக, அவள் சந்தின் நீளத்துக்கும் மார்பளவு கான்கிரீட் சுவர் எழும்பியது. சந்துக்காரர்கள் கேசரி கிண்டிப் பங்கிட்டார்கள். கமலநாதனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினாள். அவன் நல்ல கையால் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். அவள் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர் என்ன பேசினால் என்ன என்று அந்த ஒரு நாள் இருந்தாள்.

வேலையாட்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது கேட்டாள். "அந்தப் பக்கத்துக்கு எப்ப, தம்பி?"

"அந்தப் பக்கத்துக்கு ஆர்டர் இல்லக்கா. இங்க மட்டுந்தான்."

"லொங்காங்காவது தோண்டுவாங்களா?"

"அதுக்கும் ஆர்டர் இல்ல."

தண்ணீரோடு பழகினவளுக்கு அது புரியாமலா போகும்? ஒரு கரையை அடைத்தால் வெள்ளம் இன்னொரு கரைக்குத்தான் போகும். எதிர்க்கரையில் கடை வரிசை இருந்தது. மஜ்லிஸுக்குப் போய்க் கத்தியிருக்க வேண்டும். சிவசம்பு வீட்டுக் கேட்டையாவது போய்த் தட்டியிருக்க வேண்டும். கவிழ்த்தவள் என்று என்னைச் சொன்னவர்கள்தானே என்று இருந்துவிட்டாள். ஊரிலுள்ள எல்லா விவகாரத்திலும் மூக்கை நுழைக்கிறவள் அந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் நடை இன்னும் கூடிப்போனது. சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. கடல் ஏறி நிற்கிற நேரம், கிள்ளான் ஆறு தண்ணீரை வாங்கமாட்டேன் என்று திருப்பித் தள்ளியது. உஷாராணி பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு ஏறி நின்று பார்த்தாள். லொங்காங் நுரைத்துக்கொண்டு உயர்ந்தது. சுவரின் பாதியைத் தொட்டது. பிறகு ஏறவில்லை.

"உஷா, தண்ணி வருதா?" உள்ளேயிருந்து கமலநாதன் கேட்டான்.

"வரல."

"அப்புறம் ஏன் மழையில நிக்கிற?"

"அந்தப் பக்கம் போவுதுங்க. கடைக்குள்ள பூந்துருச்சி."

அவள் ஈரக் காலோடு உள்ளே வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியுங்க. சுவர் கட்டுனப்பவே தெரியும்."

"இப்ப அழுது என்னா ஆவப்போவுது? வேன் ஓடுமா?"

"முட்டிக்குக் கீழன்னா ஓடும். உங்கள விட்டுட்டு எப்படி?"

"நான் எங்க ஓடிறப் போறேன்? இங்கதான் சொட்டுத் தண்ணி இல்லையே. போ லா."

வேனைப் பாலத்தின்மேல் ஏற்றினாள். அந்தப் பக்கம் இறங்கியதும் சக்கரம் பாதி மூழ்கியது. கடை வரிசையில் துணிக்கட்டுகளும் அரிசி மூட்டைகளும் மிதந்தன. சிவசம்பு அங்கிள் மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தார். கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, யாருடைய தையல் இயந்திரத்தையோ தோளில் வைத்துக்கொண்டு நின்றார். வேனைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கக் கதவை இழுத்துத் திறந்துவிட்டார்.

மாதவி துணி வெட்டும் மேசைமேல் பிள்ளைகள் இரண்டையும் நிறுத்திவைத்து, தான் கீழே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் இரண்டு பேரையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியைப் பார்த்ததும் உஷாராணி வேனைக் கடை வாசலோடு ஒட்டி நிறுத்தினாள். சிவசம்பு பிள்ளைகளைத் தூக்கிவந்து வேனில் போட்டார். உள்ளே போனதும் போகாததுமாக டிரைவர் பின்சீட்டுக்கு இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டன.

மாதவி மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றாள். எதிர்க்கரையில் வெள்ளம் ஏறாமல் நின்ற சந்தைப் பார்த்தாள். அப்புறம் உஷாராணியைப் பார்த்தாள்.

"உங்க சுவருதானே ஆன்ட்டி இது?"

மஜ்லிஸ் கட்டியது, நான் என்ன செய்வேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமா. எங்க சுவருதான். மொதல்ல நீ ஏறு."